கடலுக்குத் தனியே போனவர்கள்

கதை படித்துக் கண்ணீர் விடுவது நல்ல மனத்தின் அடையாளம் என்று நம்மிற் பலர் நம்புகிறோம். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். சென்ற விடுமுறையில் அடுத்தடுத்து இரண்டு கதைகளைப் படித்த பின்னர் அந்த நம்பிக்கை ஆட்டங் கண்டுவிட்டது. ஒரு மாணவனின் சொந்த அனுபவத்தை வாசகர் முன்னிலையில் விரித்துரைப்பது தகுமா என்ற தயக்கம் எனக்குண்டு. ஆயினும் இதில் எழும் கேள்வி என்னுடையது மட்டுமன்று. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியருக்கும் கற்கும் மாணவருக்கும் பொதுவானது. ஆகவே எழுதத் துணிகிறேன்.

இரண்டு கதைகளும் கடலைப் பற்றியவை. ஒன்று, தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் மலையாளத்தில் எழுதிய 'செம்மீன்'. சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தில் படித்தேன். மற்றது, ஏர்னெஸ்ட் ஹெமிங்வே 1952இல் வெளியிட்ட 'கிழவனும் கடலும்'. நான் கற்பிட்டித் தீபகற்பத்தின் மீனவக் குடியிருப்பொன்றில் பிறந்தவன். எங்களுக்கு ஒருபுறம் புத்தளம் களப்பு, மறுபுறம் பெருங்கடல். தோணியையும் வலையையும் வாடியையும் ஏட்டில் அறிந்துகொள்ள வேண்டிய நிலை எனக்கில்லை. அதனாலேயே இக்கதைகள் என்னை இலகுவில் விட்டுவிடவில்லை.

செம்மீனின் கதையைப் பலர் அறிவர். ஆலப்புழைக் கரையோரத்து மீனவப் பெண் கறுத்தம்மா. அவள் நேசித்த பரீக்குட்டி ஒரு முஸ்லிம் வியாபாரி. அவனிடம் பொருள் பெற்றுத் தோணியும் வலையும் வாங்கிய அவளுடைய தந்தை செம்பன்குஞ்சு, அந்தக் கடனைத் தீர்க்காமலே, உற்றார் உறவினரற்ற பழனி என்னும் இளைஞனுக்கு மகளைக் கட்டிக்கொடுக்கிறான். அந்தக் கரையில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. கடலுக்குப் போனவனின் உயிர், கரையிலிருக்கும் அவன் மனைவியின் கற்பிலே தங்கியிருக்கிறது. அவள் நெறி பிறழ்ந்தால் கடலம்மை அவனை விழுங்கிவிடுவாள். இறுதியில் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் ஒன்றுசேரும் அதே இரவில், நடுக்கடலில் சுறாவோடு போராடும் பழனி நீர்ச்சுழியில் மூழ்குகிறான். காதலர் இருவரின் உடல்களும் தழுவிய நிலையிற் கரையொதுங்குகின்றன.

மூவருக்காகவும் அழுதேன். அழுகை ஓய்ந்த பின்னர் மனத்தில் ஒரு நெருடல் தோன்றியது. கடலம்மையின் கோபத்தை நம்புகிறவன் அல்லன் நான். காற்றும் நீரோட்டமும் எவ்வாறு உண்டாகின்றன என்று பாடசாலையிற் கற்றவன். ஆயினும், கறுத்தம்மா வீட்டைவிட்டு வெளியே வந்து பரீக்குட்டியின் முன் நின்ற அந்தப் பக்கத்தில், "ஐயோ, பழனிக்கு என்ன ஆகுமோ!" என்று என் நெஞ்சு பதறியது. என் புத்தி ஏற்காத ஒரு நியதியை என் உள்ளம் ஏற்றுக்கொண்டுவிட்டது. கலையின் அழகு, அநீதியான ஒரு நம்பிக்கைக்கு நம்மைச் சம்மதிக்கச் செய்துவிடுமானால் அந்தச் சம்மதத்துக்குப் பொறுப்பாளி யார்? எழுதியவரா? படித்தவனா?

இதனை இரண்டு நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர், "கதையைக் கதையாக அனுபவி, பிரேதப் பரிசோதனை செய்யாதே" என்றார். மற்றவர் முற்போக்கு எண்ணமுடையவர். "பெண்ணடிமைத்தனத்துக்கு மாலை சூட்டும் நூல் அது, ஒதுக்கிவிடு" என்றார். முன்னவரின் பேச்சு எனக்கு உவக்கவில்லை. ஆனால் பின்னவரின் தீர்ப்பையும் எளிதில் ஏற்க முடியவில்லை. 'தோட்டியின் மகன்' எழுதி, நகரத்தின் மலத்தைச் சுமந்தவர்களின் வாழ்வை 1947இலேயே இலக்கியமாக்கிய ஒருவர், கடலோர மக்களை ஏமாற்ற முனைந்திருப்பார் என்று எண்ண என்னால் இயலவில்லை. ஆகவே நூலை மீண்டும் முதலிலிருந்து படித்தேன்.

முதல் வாசிப்பில் விரைந்து கடந்துபோன பக்கங்களில் இம்முறை தங்கினேன். என் மனத்தில் ஒரே கேள்விதான் நின்றது. அன்றிரவு பழனி ஏன் தனியே கடலுக்குப் போனான்? விடை நூலிலேயே இருக்கிறது. பழனி சுக்கான் பிடிப்பதில் வல்லவன். பலர் கூடிச் செல்லும் தோணியில் அவனுக்கு மதிப்பான இடமிருந்தது. அவன் மனைவியைப் பற்றிய வதந்தி அவ்வூரையும் எட்டுகிறது. அவனோடு ஒரே தோணியிற் போனால் தங்களுக்கும் ஆபத்து என்று கூட்டாளிகள் அஞ்சுகிறார்கள். அவனை ஒதுக்குகிறார்கள். வேறு வழியின்றி அவன் தூண்டிலோடு தனித்துப் போகத் தொடங்குகிறான். கூட்டாளிகள் அருகிலிருந்திருந்தால் சுறா இழுத்த இழுப்பில் அவன் ஒருவனாக மன்றாட வேண்டியிருந்திராது. வதந்தி அவனைத் தோணியிலிருந்து இறக்கியது. இறக்கப்பட்டதனால் தனியே போனான். தனியே போனதனால் இறந்தான். அவன் இறந்ததனால் வதந்தி மெய்யாயிற்று.

இதைக் கண்டுகொண்டதும் நூல் முழுவதும் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. பழனியின் சாவுக்கு ஆசிரியர் இரண்டு காரணங்களைப் பக்கத்திற் பக்கமாக வைத்திருக்கிறார். ஒன்று கடலம்மையின் சினம். மற்றது மனிதர் செய்த விலக்கு. முதலாவதற்குப் பாட்டும் நிலவும் துணையிருக்கின்றன. இரண்டாவது காரணம் சாதாரணமான சில உரையாடல்களில் ஒதுங்கிக் கிடக்கிறது. கதையின் முடிவு முதற் காரணத்தின் பக்கமே சாய்கிறது என்பதை மறுக்க முடியாது. அந்த அளவில் ஆசிரியருக்கும் பொறுப்புண்டு. 1957இல் சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்ற இந்நாவலை 1965இல் ராமு காரியாட் திரைப்படமாக்கினார். அதற்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. எத்தனையோ மொழியினர் கண்ணீர் விட்டனர். ஆனால் பழனியைத் தோணியில் ஏற்ற மறுத்தவர்களின் பெயர்களை அவர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பர்? நானே வைத்திருக்கவில்லை.

இந்தக் கேள்வியோடு ஹெமிங்வேயின் கிழவனிடம் போனேன். சாந்தியாகோ தனியொருவனாகப் பெருமீனோடு போராடுவதை மனித உறுதியின் சின்னமாகவே நமக்குக் கற்பிக்கிறார்கள். அது பிழையன்று. ஆனால் அவன் ஏன் தனித்தான்? 84 நாட்கள் அவனுக்கு மீன் படவில்லை. முதல் 40 நாட்கள் ஒரு சிறுவன் துணையிருந்தான். பின்னர் அச்சிறுவனின் பெற்றோர், கிழவன் அதிர்ஷ்டங் கெட்டவன் என்று சொல்லி, மகனை வேறொரு படகுக்கு அனுப்பிவிட்டார்கள். நடுக்கடலில் கைகள் கிழிந்து இரத்தம் வடியும்போது, பையன் அருகில் இல்லையே என்று கிழவன் திரும்பத் திரும்ப ஏங்குகிறான். கியூபாவின் கரையிலும் கேரளத்தின் கரையிலும் நிகழ்ந்தது ஒன்றே. ராசி கெட்டவன் என்று கரை தீர்ப்பளித்தது. கடல் அதை நிறைவேற்றியது. நாமோ தனிமையின் மாண்பைப் புகழ்ந்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறோம்.

இதுவரை எழுதியது எனக்குச் சுலபமாயிருந்தது. இனிச் சொல்லப்போவது அப்படியன்று.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். விடியற்காலையில் மாமாவின் வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கத் துணைக்குப் போவேன். எங்கள் வாடிக்கு அப்பால் ஒரு பெண் குடியிருந்தாள். அவளுடைய கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். வள்ளம் இறங்கும் வேளையில் அவள் எதிர்ப்பட்டால் அன்றைய தொழில் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் பொறுப்பு. அவள் குடத்தோடு வருவது தெரிந்தால் நான் கூவ வேண்டும். கூவினேன், பலமுறை. அவள் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போவாள். கணவன் இறந்ததோடு அவளுக்குப் பங்கும் நின்றுவிட்டது. பிறருடைய வாடிகளில் மீன் கீறி, உப்பிட்டு, கருவாடு காயவைத்துக் கிடைத்த கூலியிலே பிள்ளைகளை வளர்த்தாள். கறுத்தம்மாவுக்காக விடிய விடிய அழுத நான், அந்தப் பெண்ணுக்காக ஒருநாளேனும் அழுததில்லை. பழனியைத் தோணியில் ஏற்ற மறுத்தவர்களைப் படித்தபோது எனக்கு முதலிற் கோபம் வந்தது. பிறகுதான் அவர்களில் ஒருவனாக நானும் நின்றிருந்தது நினைவுக்கு வந்தது.

எங்கள் கரையினரை அறிவிலிகள் என்று இகழ நான் எழுதவில்லை. நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்துப் பிழைப்பவனுக்கு ஆபத்தின் காரணம் ஏதாவதொன்று தெரிந்தாக வேண்டும். காற்றை அவனால் அடக்க முடியாது. கடன் கொடுத்த முதலாளியைக் கேள்வி கேட்க முடியாது. எண்ணெய் விலையை நிர்ணயிப்பவனை அவன் கண்டதே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவள், எதிர்த்துப் பேசாத ஒரு பெண்தான். பழியை அவள்மேல் இறக்கிவைத்தால் மனம் ஆறுகிறது, மற்றவர்கள் தப்பிவிடுகிறார்கள்.

ஆனால் உண்மைக் காரணங்கள் கண்ணுக்குத் தெரியாதவையல்ல. 2012 பெப்ரவரியில், எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த சிலாபத்தில், எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து மீனவர்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் கொல்லப்பட்டார். அவர் உயிரைக் கடல் கொள்ளவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தது. சிறுபடகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. எண்ணெய் வாங்க முடியாமல் வள்ளங்கள் மணலில் கிடந்த நாட்களில் அடுப்பு எரியாமற் போனதற்கு எந்த விதவையின் எதிர்ப்பாடு காரணம்? சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கடலை நம்பி வாழும் இந்தக் கரையில், அந்த விலை எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது.

ஆகவே என் நண்பர்கள் இருவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். செம்மீனை ஒதுக்கவேண்டியதில்லை, அதன் முன் மயங்கி நிற்கவும் வேண்டியதில்லை. நம்மை அழவைத்த இடத்துக்கு மறுபடி போய், 'இவனை இங்கே தனியே நிறுத்தியவர் யார்?' என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கான விடையை ஆசிரியர் எங்கோ ஒரு மூலையில் எழுதித்தான் வைத்திருக்கிறார். அதைத் தேடி எடுப்பது வாசகனின் கடமை. வகுப்பில் கதை நடத்தும் ஆசிரியர்கள், அழகை விளக்குவதோடு இந்தக் கேள்வியையும் மாணவர் கையிற் கொடுப்பார்களானால் இலக்கியம் எங்கள் கரைக்கும் வந்து சேரும்.

விடுமுறை முடிந்து புறப்படுவதற்கு முதல்நாள் விடியற்காலையில் கரைக்குப் போனேன். வள்ளம் இறங்கிக்கொண்டிருந்தது. பாதையைக் காக்க இப்போது சிறுவர் எவரும் நிற்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு முடி நரைத்துவிட்டது. தூரத்தில் வந்தவள் வள்ளத்தைக் கண்டதும், யாரும் கூவாமலே, குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒரு வேலியின் பின்னால் ஒதுங்கி நின்றாள். வள்ளம் தண்ணீரில் மிதக்கும் வரை அங்கேயே நின்றாள்.

நான் அருகிற் போய், "வாருங்கள், அக்கா" என்று அழைத்திருக்க வேண்டும். மாமா பார்த்துக்கொண்டிருந்தார், அழைக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு இன்னும் மூன்று மாதங்கள் இருக்கின்றன.