பன்றியின் கையெழுத்து

அறுவை சிகிச்சை படிக்கிறவர்களுக்கு சீனியர்கள் விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் மூன்று விதிகள் உண்டு. கிடைக்கும்போது சாப்பிடு. கிடைக்கும்போது தூங்கு. கணையத்தில் மட்டும் கை வைக்காதே.

கணையம் அப்படிப்பட்ட உறுப்பு. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கிறது. ரொம்ப மிருது, தைத்தால் நூலே சதையை அறுத்துக்கொண்டு வந்துவிடும். உணவைச் செரிக்கவைக்கும் நீர் அங்கே சுரக்கிறது. கிழிந்தால் அந்த நீர் கசிந்து, சுற்றியிருக்கும் நம் சதையையே அரிக்க ஆரம்பித்துவிடும்.

சைக்கிளில் போகிற பையன் கீழே விழுகிறான். ஹேண்டில்பார் வயிற்றில் குத்துகிறது. வெளியே ஒரு சின்னச் சிராய்ப்புதான் தெரிகிறது. உள்ளே, முதுகெலும்பில் நசுங்கிக் கணையம் இரண்டாகியிருக்கலாம்.

டாக்டர் என்ன செய்வார்? தைப்பதா, ஸ்டேப்ளர் போடுவதா, அடிபட்ட பகுதியை வெட்டி எடுத்துவிடுவதா? எது கசியாமல் தாங்கும்? மனிதர்களிடமே ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால், இந்தக் காயம் அபூர்வம். வருகிறவர்களுக்கும் ஆளுக்கொரு விதமான அடி. கூடவே ஈரல், மண்ணீரல், குடல் என்று வேறு சேதங்கள்.

ஆகவே, பன்றி. மயக்க மருந்து கொடுத்து, எல்லாப் பன்றிகளுக்கும் கணையத்தை ஒரே இடத்தில், ஒரே மாதிரி வெட்டுகிறார்கள். சிலவற்றுக்கு ஒரு முறை, மற்றவற்றுக்கு இன்னொரு முறை. சில நாள் வைத்திருந்து, பிறகு கொன்று, திறந்து பார்க்கிறார்கள்.

கவனியுங்கள். பையனுக்குப் பட்டது விபத்து. பன்றிக்குப் பட்டது நாம் யோசித்து, அளந்து போட்ட வெட்டு.

'என்ன கொடுமை சார்!' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இன்சுலின் இருக்கிறதா? 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, ஃபான் மேரிங் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு நாயின் கணையத்தை எடுத்தார்கள். அதற்குச் சர்க்கரை வியாதி வந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, 1921-ல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் இன்னும் பல நாய்களை அறுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் இன்சுலினால் பிழைத்தான்.

அதற்காக, 'அப்ப எல்லாம் சரிதானே' என்று அந்தப் பக்கமும் சாய்ந்துவிட முடியாது. பன்றியின் உடம்பு நம் உடம்பைப் போல இருப்பதால்தான் சோதனைக்கே மதிப்பு. அப்படியென்றால் மயக்கம் தெளிந்ததும் அதற்கும் நம்மைப் போலத்தானே வலிக்கும்? கணையம் மட்டும் நம்மைப் போல, வலி வேறு மாதிரி என்று சௌகரியத்துக்குப் பேச முடியாது.

இதைக் கடன் என்று எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கடன் வாங்கியவன் ஊதாரித்தனம் பண்ணக்கூடாது. ரஸ்ஸல், பர்ச் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1959-ல் மூன்று கேள்விகளை முன்வைத்தார்கள். விலங்கே இல்லாமல் முடியுமா? குறைவான விலங்குகள் போதுமா? வலியைக் குறைக்க முடியுமா? விலங்கு வதைத் தடுப்பு பற்றிய நம் நாட்டின் 1960-ம் வருடச் சட்டமும், வெறுமே கைப்பழக்கத்துக்காக விலங்குகளிடம் கூடியவரை சோதனை செய்யக்கூடாது என்கிறது.

நாலாவதாக நானும் ஒன்று சேர்க்கிறேன். தோற்றுப்போன சோதனையையும் எழுதிவையுங்கள். 'இந்தத் தையல் கசிந்தது' என்று ஒருவர் வெளியே சொல்லாமல் கோப்பை மூடிவிட்டால், வேறோர் ஊரில் இன்னும் பத்துப் பன்றிகள் அதே தோல்விக்காகச் சாகும். வெட்டியதைவிடப் பெரிய பாவம் அதுதான்.

நாளைக்கு நம் பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது, 'இந்த முறையை முதலில் எதனிடம் செய்து பார்த்தீர்கள்?' என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானும் கேட்க மாட்டேன். நீட்டிய சம்மதப் படிவத்தில் நடுங்கும் கையோடு கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

பன்றிக்கு அந்தப் படிவத்தை யாரும் நீட்டவில்லை.