இடைநின்ற நீர்

கடவுள் பட்சபாதமற்றவர் என்றால் உலகில் ஒருவன் உயர்ந்தும் மற்றொருவன் தாழ்ந்தும் கிடப்பானேன் என்னும் கேள்வி, தத்துவ விசாரணை தொடங்கிய நாள் முதலாக மனிதனை விடாது தொடர்ந்து வருவது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த ஆட்சேபம் எழுப்பப்பட்டு, ஈசுவரனிடத்தில் பாரபட்சமும் இல்லை, கருணையின்மையும் இல்லை என்று தீர்ப்புக் கூறப்படுகிறது; அதற்குப் பாஷ்யம் செய்த சங்கரர், மழை எல்லா விதைகளின்மீதும் ஒன்றுபோலவே பொழிய, நெல் நெல்லாகவும் யவம் யவமாகவும் விளைவது அவ்வவ் விதையின் இயல்பினால் என்று திருஷ்டாந்தம் காட்டினார். நம் சைவ சித்தாந்திகளும், சூரியனுடைய சந்நிதியில் ஒரு தாமரை மலர்வதும், ஒன்று மொட்டாக நிற்பதும், ஒன்று வாடுவதும் அவற்றின் பக்குவ பேதத்தால் நிகழ்வனவேயன்றிக் கதிரவனின் விருப்பு வெறுப்பால் அல்ல என்றனர். விடை அழகானது. ஆயினும் தாமரை, தன் முகத்தை நீருக்கு மேலே நீட்டிக் கதிரவனை நேருக்கு நேராகக் காணும் பாக்கியம் பெற்ற மலர்; நீருக்குள்ளேயே முளைத்து, நீருக்குள்ளேயே முடியும் பாசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தாமரை இருந்த இடத்தில் பாசியை வைத்துப் பார்த்தால் பழைய விடை அப்படியே நிற்குமா என்பதே இங்கே நம் விசாரம்.

அதற்கு உகந்த இடம், தமிழ்நாட்டின் வடகிழக்கு எல்லையில் உள்ள ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காட்டு ஏரி. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பாகிய இவ்வேரியை ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக் கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. தெற்கே முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீரும், ஆரணியாறு, காளங்கி முதலியவற்றின் வழியாக மழைநீரும் இதில் வந்து கலக்கின்றன. கோல் ஊன்றிப் படகு செலுத்தும் அளவுக்கு ஆழம் குறைந்த ஏரி. கோடையில் காற்று அடங்கிய நண்பகலில் படகின் விளிம்பிலிருந்து குனிந்து நோக்கினால், நூல் நூலாய்த் தழைத்த பச்சைப் பாசியின் மேல் கடுகிலும் சிறிய குமிழிகள் பல வெள்ளியாய் ஒட்டிக்கொண்டிருப்பதையும், அவை பருத்துப் பெருகப் பாசிப் படலமே தரையை விட்டு மெல்ல மேலெழுவதையும் காணலாம். கதிரவனின் கிரணத்தைக் கொண்டு கரியமில வாயுவையும் நீரையும் உணவாக்குகின்ற அந்தத் தாவரம் வெளிவிட்ட பிராணவாயு அது.

பள்ளிக்கூடச் சோதனைச்சாலையில், குளத்து வேலம்பாசியைப் புனலுக்கடியில் வைத்து, விளக்கொளியை வெவ்வேறு நிறத் தாள்களின் வழியே செலுத்திக் குமிழிகளை எண்ணும் மாணவன், சிவப்பிலும் நீலத்திலும் அவை விரைந்து எழுவதையும் பச்சையில் தயங்குவதையும் காண்கிறான். ஏங்கல்மன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி இதனை 1882-ஆம் ஆண்டில் நேர்த்தியாக நிரூபித்தார். இழைப்பாசி ஒன்றின்மீது முப்பட்டைக் கண்ணாடியால் பிரித்த ஏழு நிறங்களையும் நீளவாட்டில் விழச் செய்து, பிராணவாயுவை நாடும் நுண்ணுயிர்களை அந்நீரில் விட்டபோது, அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களிலேயே திரண்டு மொய்த்தன. சுமார் 430 நானோமீட்டரில் நீலத்தையும் 660 நானோமீட்டரில் சிவப்பையும் மிகுதியாகக் கொள்ளும் பச்சையம், பச்சை ஒளியைக் குறைவாகவே ஏற்கிறது. அதனாலேயே இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றுகிறது.

இதுவரையில் சங்கரர் கூறிய விதையே பேசுகிறது. ஏற்பவனின் இயல்பே பலனை நிர்ணயிக்கிறது. ஆனால் சூரியனிடமிருந்து புறப்பட்ட ஒளி அப்படியே பாசியைச் சேர்வதில்லையே! 1921-ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து நார்க்குண்டா என்னும் கப்பலில் திரும்பிய சி. வி. ராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பமே என்ற கருத்தை ஏற்காமல், மேற்பரப்பின் பிரதிபலிப்பை நிக்கோல் பட்டகத்தால் அவித்துப் பார்த்து, நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்று கண்டார். நீர் வெளிச்சத்தின்மீது தொழில் புரியும் ஒரு பொருள். தெளிந்த ஆழ்கடலில் சிவப்பைச் சில மீட்டர் ஆழத்திற்குள்ளேயே பெரும்பாலும் உறிஞ்சிவிட்டு, நீலத்தை நூறு மீட்டருக்கு அப்பாலும் அது செல்லவிடுகிறது. பழவேற்காடு போன்ற கழிமுகத்திலோ கணக்கு வேறு. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் கொண்டுவரும் வண்டல் ஒளியைச் சிதறடிக்கிறது. மக்கிய இலைதழைகளின் மஞ்சட் சாயம் நீலத்தைக் குடித்துவிடுகிறது. மேற்பரப்பில் மிதக்கும் நுண்பாசிகள் தமக்கு வேண்டிய சிவப்பையும் நீலத்தையும் முதற்பந்தியிலேயே உண்டுவிடுகின்றன. அடித்தரையிலுள்ள பசும்பாசிக்கு மிஞ்சி வருவது பெரும்பாலும் மஞ்சள் கலந்த பச்சை, அதாவது அது மிகக் குறைவாக உபயோகிக்கக் கூடிய ஒளி. இவ்வாறு நலிந்த பாசியைப் பார்த்து, ‘உனக்குப் பக்குவம் போதவில்லை’ என்று சொல்வது எவ்வளவு நியாயம்?

பக்குவம் என்பதும் பிறவியிலேயே முடிந்துபோன விஷயம் என்று கொள்வதற்கில்லை. அகர் தரும் கிராசிலேரியா போன்ற செம்பாசிகள், பைகோஎரித்ரின் என்னும் செந்நிறப் பொருளால் பிறர் கழித்த பச்சை ஒளியையே பற்றிக்கொண்டு வாழ்கின்றன. ஹாக்சோ, பிளிங்ஸ் என்னும் இருவர் 1950-இல் இதனை அளந்தே காட்டினர். ஏங்கல்மனோ அதற்கு வெகு முன்பே, இந்த நிறப் பொருத்தத்தைக் கொண்டு, பச்சை மேலே, சிவப்பு ஆழத்தில் என்று கடலையே நிறவாரியாகப் பங்கிட்டார். பின்வந்த ஆராய்ச்சிகள், செம்பாசி கரையோரத்திலும் பசும்பாசி ஆழத்திலும் தாராளமாக வாழக் கண்டு, நிறத்தோடு நிறப்பொருளின் அளவும் உடலின் தடிப்பும் சேர்ந்தே பலனைத் தீர்மானிக்கின்றன என்றன. விழுகிற ஒளியின் நிறத்துக்கேற்பத் தம் நிறப்பொருளையே மாற்றிக்கொள்ளும் நீலப்பசும் பாசிகள் உண்டென்பதும் 1902-ஆம் ஆண்டிலேயே கைடுகோவ் என்பவரால் அறியப்பட்டது. வருவதற்கேற்ப மாறும் சாமர்த்தியம் ஏற்பவனிடத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சாமர்த்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒன்றுமே வராத இடத்தில் எந்த நிறமும் உதவாது.

ஆகவே, அருள், ஆன்மா என்ற இரண்டை மட்டும் வைத்துப் போடும் கணக்கில், மூன்றாவதாக இடைநின்ற நீர் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சித்தாந்தி இங்கே குறுக்கிட்டு, ‘நாங்கள் அதை விடவில்லை, ஆணவம், கன்மம், மாயை என்று மறைப்பை மூன்றாகவே வகுத்தோம்’ எனலாம். உண்மைதான். ஆனால் அவற்றுள் ஆணவமும் கன்மமும் அவ்வவ் ஆன்மாவைப் பற்றியவை. ஒருவனுடைய வினை மற்றொருவனைச் சேர்வதில்லை. மாயை தரும் உடலும் உலகும்கூட அவனவன் வினைக்கேற்பவே அமைவன என்பர். நான் கூறும் நீரோ எல்லோருக்கும் பொதுவானது, பலருடைய செய்கையால் கலங்குவது, பலருடைய செய்கையால் தெளியக் கூடியது.

இந்த ஏரிக்கரை மீனவர்கள் அதை வேறு விதத்தில் அறிந்தவர்கள். நல்ல மீன்பிடி இடம் ஒருவர் கையிலேயே தங்கிவிடாதபடி, சீட்டுப் போட்டு முறைவைத்து மாற்றிக்கொள்ளும் ‘பாடு’ என்ற ஏற்பாடு இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. ஏரி கொடுப்பது பொது. பங்கீடு மனிதர் பொறுப்பு என்ற தெளிவு அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடும் உரிமையுள்ள சமூகத்தாருக்கே உரியது. அதற்கு வெளியே நிற்கும் இருளர் பெண்கள், பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கலங்கிய நீரில் இடுப்பளவு அமிழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறாலை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். வலையும் படகும் முறையும் உள்ளவன், அவர்களைக் கரையிலிருந்து பார்த்து, ‘எல்லாம் தலையெழுத்து’ என்று பெருமூச்சு விடுவானாயின், அது வேதாந்தம் ஆகாது. மேலே மிதக்கும் பாசி கீழேயிருக்கும் பாசிக்குச் சொல்லும் ஆறுதலாகவே முடியும்.

இதனால் நீரையே பகையென்று பழிக்கவும் கூடாது. நீர் இல்லையேல் பாசிக்கு உடலுமில்லை, உணவுமில்லை. வருகிற கொஞ்ச ஒளியும் அதன் வழியாகவே வருகிறது. தாயும் தந்தையும், ஊரும் மொழியும், ஆசானும் நூலும் எல்லாம் நமக்கு அத்தகைய நீரே. அவற்றைத் துறந்து சூரியனை நேரே கண்டவர் சிலரே. எனவே பட்சபாதம் பற்றிய பழைய கேள்விக்கு நம் முன்னோர் தந்த விடையைத் தள்ள வேண்டியதில்லை; அதை எவர் எவரைக் குறித்துச் சொல்லலாம் என்பதை வரையறுத்தால் போதும். என் குறையைக் காணும்போது என் பக்குவத்தையும் வினையையும் நான் விசாரிக்கலாம்; அந்த விசாரணை என்னைத் திருத்தும். பிறருடைய குறையைக் காணும்போது, அவர்மேல் நிற்கும் நீரில் என் கால் கிளப்பிய சேறு எவ்வளவு என்றே முதலில் விசாரிக்க வேண்டும். வினை என்னும் கோட்பாடு, தன்மேல் வைத்துப் பார்ப்பவனுக்கு ஞானத்தைத் தரும். பிறர்மேல் ஏற்றிச் சொல்பவனுக்குச் சோம்பலைத்தான் தரும்.