அணையாத விளக்கு

பொய் சொல்லக் கூடாது என்பதை ஒப்புக்கொள்ளாதவர் எவரும் இல்லை. ஆனால் வாயைத் திறக்காமலே ஒருவன் பொய் சொல்ல முடியுமா? சொல்லுகிறோம் என்று அறியாமலே சொல்லிவிட்ட பொய்க்கு அவன் பொறுப்பாளியா? இந்தக் கேள்வியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது வேதாந்த நூல் எதுவும் அல்ல. என் பழைய காரில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடிதான்.

திரும்புவதற்கு முன் சைகை விளக்கைப் போடுகிற கைப்பிடி அது. எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்து விளக்கு கண்ணைச் சிமிட்டும். திரும்பி முடித்து ஸ்டியரிங்கை நேராக்கும்போது, அதனோடு சுழலும் சிறு முளை ஒன்று உள்ளே இருக்கும் கொக்கியைத் தட்டிவிடும். கைப்பிடி தானே நடு இடத்துக்கு வந்துவிடும், விளக்கு அணைந்துவிடும். என் காருக்கு ஏறக்குறைய என் வயது. அதன் கைப்பிடி சில மாதங்களாகத் திரும்பி வர மறுத்தது. போட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நான் கையால் தள்ளி வைப்பேன். சில சமயம் மறந்துவிடுவேன். 'டிக், டிக்' என்று அது நினைவூட்டத்தான் செய்யும். திண்டுக்கல் கடைவீதி இரைச்சலில் அது யார் காதில் விழுகிறது? ஒரு நாள் தையல் மிஷின் எண்ணெயை இடுக்கில் நாலு சொட்டு விட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடியும் ஒட்டிக்கொண்டது. பழைய காரும் பழைய சிநேகிதனும் ஒன்று, குறையைப் பொறுத்துக்கொண்டால்தான் உறவு நிலைக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் விடியற்காலை. உறவினர் ஒருவரை ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு சாலைக்குள் இடப்பக்கமாகத் திரும்பி இரண்டு பர்லாங்கு வந்திருப்பேன். இடப்பக்கத்துச் சந்திலிருந்து, பூ மூட்டையைக் கட்டிய மொபெட்டில் ஒரு பெரியவர் வந்தார். பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர். நின்று என் காரைப் பார்த்தார், நிதானமாகவே பார்த்தார். பார்த்த பிறகு நேரே சாலையின் நடுவுக்கு வந்துவிட்டார்.

பிரேக்கை மிதித்தேன். ஒரு முழம் இடைவெளியில் கார் நின்றது. அவர் மிரண்டு வண்டியோடு சாய்ந்தார். முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தது. தார்ச் சாலையில் மல்லிகை மொட்டுகள் கொட்டிக் கிடந்தன.

டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். "கண்ணைத் தொறந்து வரக் கூடாதா பெருசு?" என்று அவரைத்தான் அதட்டினார்கள். அவர் எழுந்து உட்கார்ந்து, "சைகை போட்டிருந்துச்சேப்பா. இந்தச் சந்துக்குள்ள திரும்புறார்னு நெனச்சேன்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். கதவைத் திறந்து இறங்குவதற்கு முன் என் கை தானாகப் போய் அந்தக் கைப்பிடியை நடுவுக்குத் தள்ளியது. விளக்கு அணைந்தது.

பெரியவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். கட்டுப் போடவும், பூவுக்கும் பணம் கொடுத்தேன். "தப்பு அவர் பேர்ல. இருந்தும் இப்படிச் செய்யுறாரே, இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுஷன்!" என்றார் கூட்டத்தில் ஒருவர். நான் அந்தப் புகழை மறுக்கவில்லை.

அன்றைக்கே காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் மெக்கானிக்கின் தகப்பனார் பூட்டுத் தொழிலாளி. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்குள்ளும் சின்னச் சின்ன நெம்புகோல்கள் உண்டு. சாவி அவற்றை உரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டுத் திறக்கும். அந்தக் கை இவருக்கும் வந்திருந்தது. முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினார். சக்கரத்தை நேராக வைத்து, ஹாரன் பொத்தானை எடுத்து, நட்டைத் தளர்த்தினார். ஸ்டியரிங்கிலும் தண்டிலும் ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துக்கொண்டு உருவினார். உள்ளே பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து களிமண்ணாய் இறுகியிருந்தன.

"யாரோ எண்ணெய் விட்டிருக்காங்க சார். எண்ணெய் தூசியைக் கூப்பிடும்" என்றார். அந்த 'யாரோ' யார் என்று நான் சொல்லவில்லை.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நன்றாக உலர விட்டார். தேய்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றினார். மின்சாரம் பாயும் தகடுகளில் படாமல், கைப்பிடி அசையும் இடத்தில் மட்டும் அரிசியளவு கிரீஸ் வைத்தார். "போட்டா எல்லாக் கைப்பிடியும் போய் நிக்கும் சார். வேலை முடிஞ்சா விட்டுட்டு வரணும். அதுலதான் இதுக்குக் கோளாறு" என்றார். வேலை முழுவதும் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நான் மாதக்கணக்காகத் தள்ளிப் போட்டிருந்தேன்.

காருக்குச் சைகை செய்யக் கற்றுக் கொடுக்க முயன்றவர்களில் ஒருவர், பேசாப் படக் காலத்து நடிகை பிளாரன்ஸ் லாரன்ஸ். பேச்சில்லாமல் சைகையாலேயே பிழைத்தவர் அவர். பொத்தானை அழுத்தினால் காரின் பின்னால் ஒரு கை எழும்பும்படி 1914 வாக்கில் ஓர் ஏற்பாடு செய்தார். சிமிட்டும் விளக்கு அமெரிக்காவின் பியூக் காரில் 1939-இல் வந்தது. தானே அணையும் வசதி அதற்கடுத்த ஆண்டு வந்தது. அதே 1939-இல் நம் நாட்டில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் கைச் சைகைகளைப் பட்டியல் போட்டுச் சொன்னது. இன்று நடப்பிலுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 121-ஆவது பிரிவு, கைக்குப் பதிலாக இயந்திரமோ மின்சாரமோ அந்தச் சைகையைச் செய்யலாம் என்று அனுமதிக்கிறது.

அனுமதித்தது சரிதான். ஆனால் ஒன்று உண்டு. கையை வெளியே நீட்டியிருப்பவனுக்கு, தான் நீட்டியிருப்பது தெரியும். வலித்தால் மடக்கிக்கொள்வான். விளக்குக்கு வலிப்பதில்லை. நம் வாக்கை ஒரு கருவியிடம் ஒப்படைத்துவிட்டால், அந்த வாக்கு இன்னும் நிற்கிறதா, முடிந்துவிட்டதா என்று பார்க்கிற கவலையையும் அதனிடமே விட்டுவிடுகிறோம்.

சைகையே போடாமல் திரும்புகிறவனை நாம் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனாலும் அவனைக் கண்டால் பிறர் உஷாராக ஒதுங்குவார்கள். தவறான சைகை காட்டுகிறவனோ அந்த உஷாரையே பறித்துவிடுகிறான். அவனை நம்பியவன்தான் விழுகிறான். பிறருக்குக் கேடு விளைக்காத பேச்சே வாய்மை என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்ததன் ஆழம் எனக்கு அன்று புரிந்தது. மனத்தில் வஞ்சனை இல்லை என்பது மட்டும் போதாது. நம் சொல்லை நம்பி ஒருவன் சாலையில் இறங்கினால் அவன் கதி என்ன என்பதும் கணக்கில் சேரும். கைப்பிடி ஒட்டிய முதல் நாள் நான் குற்றவாளி அல்ல. ஒட்டுகிறது என்று தெரிந்த மறு நாளிலிருந்து குற்றவாளி. கூட்டத்தின் முன்னே விளக்கை அணைத்தேனே, அதற்கு அந்தக் கைப்பிடியைச் சாட்சிக்கு இழுக்கவே முடியாது.

நான்கு நாள் கழித்துப் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். பெரியவர் இல்லை, மகன் இருந்தார்.

"அப்பாவுக்குப் பார்வை மங்கிருச்சு சார். கார் வர்றது தெரியாமப் போய் விழுந்துட்டாரு. வண்டிச் சாவிய வாங்கி வச்சிட்டேன்."

"அவர் என்ன சொல்கிறார்?"

"வெளக்கு எரிஞ்சுச்சுன்னு ரெண்டு நாள் சொல்லிட்டிருந்தாரு. இப்ப அதையும் விட்டுட்டாரு. அவருக்கே சந்தேகம் வந்திருச்சு போல."

பணம் கொடுத்துத் தீர்த்துவிட்டதாக நினைத்தேன். ஒரு மனிதனின் கண்ணையே அவன் நம்பாதபடி செய்திருக்கிறேன். மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னையே சிறிது நேரம் பார்த்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அவரோடு வீட்டுக்குப் போனேன். பெரியவர் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "ஐயா, அன்றைக்கு என் கார் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தப்பு என்னுடையது" என்றேன்.

"எரிஞ்சுச்சில்ல?" என்று கேட்டார். பிறகு வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்து, "கேட்டியா? எரிஞ்சுச்சாம்!" என்று குரல் கொடுத்தார். மகன் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார்.

நான் புறப்படும்போது பெரியவர், "இப்பச் சரி பண்ணியாச்சா தம்பி?" என்றார்.

"காரைச் சரி பண்ணிவிட்டேன் ஐயா" என்றேன்.