யோனாவின் கோபம்

நியாயத்தீர்ப்பை எண்ணி அஞ்சுவோர் உலகில் அநேகர் உண்டு. அத்தீர்ப்பு வராமற் போயிற்றே என்று மனம் புழுங்குவோர் அவர்களைக் காட்டிலும் அநேகர் என்பது என் அபிப்பிராயம். முன்னவர் தம் அச்சத்தைப் பிரார்த்தனையாகவும் உபவாசமாகவும் வெளியிடுகின்றனர். பின்னவரோ, தாம் வேண்டுவது இன்னொருவனுடைய அழிவு என்பதைத் தமக்குத் தாமே ஒப்புக்கொள்ளவும் கூசி, அதற்குத் தர்மம், நீதி என்று கௌரவமான பெயர்களைச் சூட்டி வைத்துக்கொள்கின்றனர். அந்தக் கூச்சத்தை உதறிவிட்டு, இவர்களை ஏன் தப்பவிட்டீர் என்று ஆண்டவனை முகத்துக்கு நேரே கேட்டவன் ஒருவன் கிறிஸ்தவ வேதாகமத்தில் இருக்கிறான். அவன் யோனா.

யோனா என்றதும் எல்லோருக்கும் மீன்தான் நினைவுக்கு வருகிறது. நான்கே அதிகாரங்கள் கொண்ட அச்சிறு நூலில் மீனைப் பற்றி வருவன சில வசனங்களே. ஆயினும் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் முதல் பிரசங்கிமார் வரை பலரும் அதன் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுகின்றனர். மனிதனை மீன் விழுங்குமா என்று தர்க்கிப்பது, மனிதன் தன் பகைவனை மன்னிப்பானா என்று யோசிப்பதைவிடச் சுலபம் போலும்! கதையின் உயிர் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. கிழக்கே நினிவேக்குப் போ என்ற கட்டளையைக் கேட்டவன், யோப்பா துறைமுகத்தில் கூலி கொடுத்துக் கப்பலேறி மேற்கே தர்ஷீசுக்குப் புறப்பட்டதன் காரணம் அங்கேதான் வெளிப்படுகிறது. தான் எச்சரித்தால் அந்நகரத்தார் மனந்திரும்பிவிடக்கூடும், அவர்கள் திரும்பினால் கடவுளும் மனமிரங்கிவிடுவார், அவருடைய சுபாவம் தனக்கு முன்னமே தெரியும் என்று அவனே வாய்விட்டுச் சொல்லுகிறான். கடவுளின் இரக்கத்துக்கு அஞ்சி ஓடிய தீர்க்கதரிசி அவன்.

அவனைப் பரிகசிப்பதற்குமுன் நினிவே எத்தகைய நகரம் என்பதைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டும். டைகிரிஸ் நதிக்கரையில், இன்றைய மோசூல் நகருக்கு எதிரே கிடக்கும் அந்த மண்மேடுகளை 19-ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தபோது, சனகெரிப் மன்னனுடைய அரண்மனைச் சுவர்களில் கி.மு. 701-இல் யூதேயாவின் லாகீஸ் கோட்டை பிடிபட்ட காட்சி, கல்லில் புடைப்புச் சித்திரமாகச் செதுக்கப்பட்டிருக்கக் கண்டனர். இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் அச்சித்திரங்களில் கழுவேற்றப்பட்டோர் ஒருபுறம், தோலுரிக்கப்படுவோர் ஒருபுறம், மற்றொரு புறம், கிடைத்த தட்டுமுட்டுச் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றி, அவற்றின் மேல் பெண்களையும் பிள்ளைகளையும் உட்காரவைத்து, ஊரைவிட்டே ஓட்டிச் செல்லப்படும் குடும்பங்கள். வென்றவன் இதையெல்லாம் ஒளிக்கவில்லை. தன் மாளிகைக்கு அலங்காரமாகவே வைத்துக்கொண்டான். சமாரியாவும் கி.மு. 722-ஐ ஒட்டி இதே அசீரியரிடம் வீழ்ந்து, அதன் மக்கள் தூர தேசங்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். யோனாவின் நூல் அசீரியா அழிந்து வெகுகாலத்துக்குப் பிறகே எழுதப்பட்டதென்பது அறிஞருள் பலருடைய கருத்து. அப்படியானால் அதை முதன்முதலாகப் படித்தவர்கள், அந்த மாட்டுவண்டிகளில் சென்றவர்களுடைய இனத்தார். நினிவேயின் இரட்சிப்பு அவர்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும்!

யோனா கடைசியில் நினிவேக்குப் போகத்தான் செய்கிறான். அவனுடைய பிரசங்கம் ஒரே வாக்கியம்: 40 நாளில் இந்நகரம் கவிழ்ந்துபோம் என்பது. மனந்திரும்பினால் பிழைப்பீர்கள் என்றொரு வார்த்தையை அவன் சேர்க்கவேயில்லை. மறந்துவிட்டான் என்று நான் நம்பவில்லை. அவன் சேர்க்காததை நினிவேயின் அரசனே ஊகித்துக்கொள்கிறான். ஒருவேளை தெய்வம் இரங்கினாலும் இரங்கலாம் என்னும் அந்த நிச்சயமற்ற நம்பிக்கையில், அவன் சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். மனிதர் மட்டுமன்றி ஆடுமாடுகளும் இரட்டு உடுத்தி உபவாசிக்கவேண்டுமென்று உத்தரவிடுகிறான். நகரம் பிழைக்கிறது. சுரியானி மரபைச் சேர்ந்த சபையார் ஈராக்கிலும் நம் அண்டையிலுள்ள கேரளத்திலும் இன்றளவும் மூன்று நாள் அனுசரிக்கும் நினிவே நோன்பு அந்த உபவாசத்தின் ஞாபகார்த்தமே.

ஊருக்குக் கிழக்கே குடிசை போட்டு, என்னதான் நடக்கிறதென்று பார்க்க உட்கார்ந்திருந்த யோனாவுக்கு ஓர் ஆமணக்குச் செடி நிழல் தந்ததும், மறுநாள் புழு அரித்து அது பட்டுப்போனதும், தலையில் வெயில் சுட்டபோது அவன் சாவை வேண்டிக்கொண்டதும் யாவரும் அறிந்தவை. நான் நெடுநேரம் நிற்பது அதற்கடுத்த இடத்தில். நீ நட்டு வளர்க்காத ஒரு செடிக்காக இவ்வளவு பரிதபிக்கிறாயே என்று வாதிக்கத் தொடங்கும் கடவுள், நினிவே புண்ணிய க்ஷேத்திரமாகிவிட்டது என்றோ, நடந்ததை மறந்துவிடு என்றோ சொல்லவில்லை; ஒரு கணக்கை எடுத்து வைக்கிறார். வலக்கை எது இடக்கை எது என்று அறியாதவர்கள் மட்டும் 1,20,000 பேருக்கு மேல் அங்கே இருக்கிறார்களாம். அப்புறம், ஏராளமான கால்நடைகளாம்! யோனாவுக்கு நினிவே என்பது ஒரே பெயர், ஒரே குற்றம். கடவுளுக்கோ அது தலை தலையாக எண்ணிப் பார்க்கவேண்டிய ஊர். சோதோமுக்காகப் பரிந்து பேசிய ஆபிரகாமும், 50 நீதிமான்கள் இருந்தால் என்று தொடங்கிப் பத்து வரைக்கும் எண்ணிக்கொண்டே இறங்கி வந்தவன்தான். வெறுப்பதற்கு ஒரு பெயர் போதும். இரங்குகிறவன் எண்ண வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்லுவது எளிது. பாகப்பிரிவினையில் தன்னை வஞ்சித்த உறவினர் ஒருவரை என் அத்தை வெகுகாலம் முகங்கொடுத்துப் பார்த்ததில்லை. முதுமையில் அவர் மெய்யாகவே மாறினார். எடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பியும் கொடுத்தார். திருவிருந்து நாளில் அவர் எழுந்து போய் வாங்கிக்கொண்டு தம் இடத்தில் வந்து உட்காரும்வரையில், அத்தை ஜெபப்புத்தகத்தைப் புரட்டுவதுபோல் குனிந்தே இருப்பாள். மன்னிக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். “மன்னிச்சாச்சுடா. ஆனா மோட்சத்தில அவருக்குப் பக்கத்து இடம் எனக்கு வேண்டாம்” என்றாள். வேதசாஸ்திரிகளின் தடித்த கிரந்தங்களில் காணாத நேர்மை அந்தப் பதிலில் இருந்தது. இயேசு சொன்ன உவமையில், ஊதாரி மகன் திரும்பிவந்த வீட்டில், உள்ளே ஆடல் பாடல் கேட்க, வாசலிலேயே நின்றுவிட்ட மூத்த மகனும் அவளுடைய கட்சிதான். அவன் பிறகு உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லாமலே விட்டுவிட்டார். அந்த மௌனம் மூத்த மகன்களிடம் அவர் காட்டிய மரியாதை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் மற்றோரிடத்தில் அவரே, நினிவே மக்கள் நியாயத்தீர்ப்பில் எழுந்து நின்று தம் காலத்தாரைக் குற்றவாளிகளாக்குவார்கள் என்று எச்சரிக்கவும் செய்கிறார். தண்டனைக்குத் தப்பிய கொடியவர்கள் அங்கே சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகின்றனர். ரோமாபுரியின் சிஸ்டைன் ஆலயத்தில், 1512-இல் முடிந்த கூரை ஓவியத்தில் பலிபீடத்துக்கு நேர் மேலே மைக்கலாஞ்சலோ யோனாவைத் தீட்டியிருந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துக் கடைசி நியாயத்தீர்ப்பை அவர் வரைந்து முடித்தது அதே யோனாவின் காலடியில்.

ஆயினும் வேதாகமம் யோனாவோடு நின்றுவிடவில்லை. சில ஏடுகளுக்கு அப்பால் நாகூம் இருக்கிறான். அவனுடைய நூல் முழுவதும் அதே நினிவேயின் அழிவைப் பற்றிய ஆரவாரம். கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அந்நகரத்தைத் தரைமட்டமாக்கினர். யோனாவின் நூல் ஒரு கேள்வியோடு முடிவதுபோலவே நாகூமின் நூலும் கேள்வியோடுதான் முடிகிறது: முன்னது, இத்தனை உயிர்களுக்காக நான் இரங்கலாகாதா என்பது, பின்னது, உன் கொடுமைக்குத் தப்பியவர் யார் என்பது. இவற்றுள் ஒன்றை நீக்கிவிடலாமென்று சபையார் எக்காலத்தும் துணியவில்லை. அநியாயத்தால் புண்பட்டு வந்தவனிடம் எடுத்த எடுப்பில் யோனாவைத் திறந்து நீட்டும் போதகர்களை நான் அறிவேன். அது மருந்தின் பெயரால் செய்யும் கொடுமை. என்னைக் கேட்டால், அவன் முதலில் நாகூமை வேண்டுமட்டும் உரக்கப் படிக்கட்டும். பிறகு ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டட்டும். யோனாவுக்கு வந்து சேருமுன் நடுவில் மீகா இருக்கிறான், நியாயம் செய்வதையும் இரக்கத்தை நேசிப்பதையும் ஒரே மூச்சில் கேட்பவன். அங்கே அந்தப் புண்பட்டவன் எத்தனை வருஷம் தங்கினாலும் அவனை அவசரப்படுத்தும் உரிமை நமக்கு இல்லை.