அந்நிய பட்டணத்துக் கிளிகள்



நம்ம ஊர் மரப்பொந்துகளில் குடியிருக்கிற அதே பச்சைக்கிளி, பாரீஸ் பட்டணத்துப் பூங்காக்களிலும் ஆயிரக்கணக்கில் பறக்கிறது. தானாய்ப் போனதல்ல. கூண்டு வியாபாரத்துக்காகக் கொண்டுபோனார்கள். 1974-ல் ஓர்லி விமான நிலையத்தில் சில தப்பின. 1990-களில் ருவாசியிலும் அப்படியே நடந்தது. ஐரோப்பாவிலுள்ள இந்தக் கிளிகளின் பூர்வீகம் பெரும்பாலும் பாகிஸ்தானும் வட இந்தியாவும் என்று மரபணு ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் பனி கொட்டுகிற தேசம்! செத்துப்போகும் என்றுதானே நினைப்போம்? அது பொந்து தேடிற்று, முட்டையிட்டது, குஞ்சு பொரித்தது. சத்தம் மட்டும் மாறவில்லை, அங்கேயும் அதே கீச்சு கீச்சுதான்.

எரேமியா 28-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் இரண்டே வருஷத்தில் திரும்புவார்கள் என்று அனனியா சொன்னான். கேட்கிறவர்களுக்கு இனிப்பாயிருந்தது. ஆனால் கர்த்தர் அவனை அனுப்பவில்லை. 29-ம் அதிகாரத்தில் எரேமியா எழுதின நிருபமோ கசப்பு: எழுபது வருஷம் ஆகும், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள். அதோடு விடவில்லை. உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்றார்!

தேவ ஜனமே, 1962-ல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு அங்கே வேர்விட்டு நிற்கிறார்கள். கடலை விட்டு வளைகுடாவுக்குப் போன வாலிபரும் உண்டு. பட்டினச்சேரித் தாய்மாரே, "உன் மகன் ஆறு மாசத்தில் வந்துவிடுவான்" என்று காணிக்கை வாங்கிக்கொண்டு தீர்க்கதரிசனம் சொல்லுகிற அனனியாக்கள் இன்றைக்கும் உண்டு. எச்சரிக்கையாயிருங்கள். மகன் வரவேண்டும் என்று மட்டும் அழுகிறீர்களே, அவன் கஞ்சி குடிக்கிற அந்த ஊருக்காக என்றைக்காவது முழங்கால் போட்டதுண்டா? அங்கே கலகம் வந்தால் அவனுக்கும் அல்லவா ஆபத்து?

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தக் கிளிகள் அந்த ஊர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொள்ளுகிறது என்று அங்கே குறை சொல்லுகிறார்கள். கிளிக்கு நியாயப்பிரமாணம் இல்லை, நமக்கு உண்டு. நம் பிள்ளைகள்மேல் அந்தக் குறை வரலாகாது.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது, வெளியூரில் இருக்கிற உங்கள் பிள்ளையின் பேரைச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பேருக்குப் பக்கத்தில் அவன் இருக்கிற பட்டணத்தின் பேரையும் எழுதுங்கள். இரண்டுக்காகவும் ஜெபிப்போம். அல்லேலூயா.