மூவாயிரம் ரிங்கிட் வரை நான் பொறுப்பு

வாடகைக் கார் எடுக்கும் கவுண்டரில் "இன்சூரன்ஸ் வேணுமா?" என்று கேட்பார்கள். அங்கே விற்கப்படுவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் இல்லை. சி.டி.டபள்யூ என்று படிவத்தில் போட்டிருப்பதன் கடைசிச் சொல் 'வெய்வர்', அதாவது விட்டுக்கொடுத்தல். காருக்குச் சேதம் வந்தால் உங்களிடம் பணம் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. நாளுக்கு இவ்வளவு கொடுத்துவிட்டால் அந்த உரிமையை முழுதாகவோ, ஒரு தொகைக்கு மேலோ விட்டுவிடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுக்கிறார். கடன் இன்னும் பிறக்கவே இல்லை. அதற்கு முன்பே மன்னிப்பு விலைக்கு வந்துவிடுகிறது.

காப்புறுதி வேறு. அது மூன்றாவது ஒருவர் ஏற்றுக்கொள்ளும் சுமை. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் எல்லா வண்டிக்கும் கட்டாயமாக்கியிருக்கும் காப்புறுதி மிகக் குறுகியது. நம் வண்டியால் சாலையில் இன்னொருவருக்கு நேரும் மரணம், உடற்காயம், அவ்வளவுதான். அடுத்தவர் காரின் கதவுகூட அந்தக் கட்டாயத்துக்குள் வராது. அதற்கு மேல் உள்ளதெல்லாம் நம் விருப்பம், நம் பயம், நம் பர்ஸ்.

சென்ற ஆண்டு நண்பர்கள் நான்கு பேர் கோலப் பெர்லிஸிலிருந்து படகேறி லங்காவிக்குப் போனோம். குவா படகுத்துறையில் ஒரு சின்ன கவுண்டரில் மைவி ஒன்று பேசி முடித்தோம். ஒப்பந்தப்படி மூவாயிரம் ரிங்கிட் வரையிலான சேதத்துக்குக் கையெழுத்துப் போடுபவன் பொறுப்பு. அதைத்தான் 'எக்ஸஸ்' என்பார்கள். நாளுக்கு 25 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தால் அந்த மூவாயிரமும் பூஜ்யமாகிவிடும். கையெழுத்துப் போடப்போவது நான். "நீதான இன்ஜினியர், கணக்குப் போடு" என்றார்கள்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நான்கு நாளுக்கு நூறு ரிங்கிட். மூவாயிரத்தில் நூறு என்பது முப்பதில் ஒரு பங்கு. இதுபோல முப்பது பயணம் போய் அதில் ஒருமுறையாவது மூவாயிரம் ரிங்கிட்டுக்கு இடிப்பேன் என்றால்தான் இந்த நூறு நியாயமான விலை. நான் அப்படி ஓட்டுகிறவன் இல்லை. லங்காவிச் சாலையில் மாடுகள் அவை பாட்டுக்கு நடக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும் விலை அதிகம்தான்.

ஆனால் இந்தக் கணக்கின் ஓட்டையை 1738இலேயே ஒருவர் காட்டிவிட்டார். டேனியல் பெர்னூலி என்ற கணிதவியலாளர். அவருடைய உதாரணத்தில் ஒரு வணிகர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பீட்டர்ஸ்பர்க்குக்குச் சரக்கு அனுப்புகிறார். மதிப்பு பத்தாயிரம் ரூபிள். அந்தப் பருவத்தில் கிளம்பும் நூறு கப்பல்களில் ஐந்து மூழ்கும். ஆக, நியாயமான கட்டணம் 500. கேட்கப்படுவதோ 800. வாங்கலாமா? அது அந்த வணிகரிடம் வேறு எவ்வளவு சொத்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார் பெர்னூலி. கணக்குப் போட்டு ஒரு எண்ணும் சொன்னார்: 5,043 ரூபிள். அதற்குக் கீழே வைத்திருப்பவர் 800 கொடுத்தாவது வாங்குவது புத்திசாலித்தனம். மேலே வைத்திருப்பவருக்குத் தேவையில்லை.

எனக்கு இது பிடித்த கணக்கு, பிடிக்காத விடை. குறைவாக வைத்திருப்பவன் நியாயமான விலைக்கு மேல் கொடுப்பதுதான் அறிவு என்கிறது. அவன் முட்டாளாக இருந்து ஏமாறவில்லை. சரியாக யோசித்தே கூடுதலாகக் கொடுக்கிறான். பணக்காரன் தைரியசாலி மாதிரித் தெரிவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் நால்வரில் ஒருவனுக்குச் சம்பளம் இரண்டாயிரத்துச் சொச்சம். அவனை மனதில் வைத்துத்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். கவுண்டரில் காசு கொடுக்க வேண்டாம், நாமே நமக்குக் காப்புறுதி. ஏதாவது ஆனால் மூவாயிரத்தை நான்காகப் பிரிப்போம், தலைக்கு 750. யார் ஓட்டினாலும், யார் தப்பு என்றாலும் அதே பங்கு. மற்ற இருவரும் உடனே சரி என்றார்கள். அவன்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"கவுண்டர்ல குடுத்தா அத்தோட முடிஞ்சிருச்சு. எழுநூத்தம்பது என்கிட்ட இல்லன்னா நீங்க மூணு பேரும் போட்டுருவீங்க, எனக்குத் தெரியும். அப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு அதான் ஞாபகம் வரும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் அதுவரை காப்புறுதியைப் பயத்தின் விலை என்றே நினைத்திருந்தேன். அவன் வாங்க நினைத்தது வேறு, யாருக்கும் நன்றிக்கடன் படாமல் இருக்கும் உரிமை. நட்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கொடுக்கிற கை எப்போதும் மேலேதான் இருக்கிறது. தோட்டத்தில் தாத்தா காலத்தில் மாதாமாதம் சில்லறை கட்டிய மரண சகாய நிதியும் இந்த மனக்கணக்கைப் புரிந்துதான் வைத்திருந்தது. அக்கம்பக்கத்தார் எப்படியும் உதவுவார்கள்தான். இருந்தாலும் நிதியிலிருந்து வரும் பணத்தைத் தலைகுனியாமல் வாங்கலாம், ஏனென்றால் நீங்களும் கட்டியிருக்கிறீர்கள். தக்காஃபுலிலும் இதே நுட்பம் உண்டு. கட்டுகிற தொகையில் ஒரு பங்கு மற்றவர்களுக்கான நன்கொடையாகவே கருதப்படுகிறது. ஆனால் தேவைப்படும்போது வாங்குவது யாருடைய தயவும் அல்ல.

நூறு ரிங்கிட்டை நான்காகப் பிரித்துக் கட்டினோம்.

கட்டியவுடன் இன்னொருவன் சாவியை ஆட்டிக்கொண்டே, "அவ்வளவுதான் மச்சான், இனி அடிச்சு ஓட்டலாம்" என்றான். விளையாட்டுக்குச் சொன்னது. ஆனாலும் காப்புறுதி உலகம் நூறு வருடங்களுக்கு மேலாகப் பயப்படுவது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். 'மாரல் ஹசார்ட்' என்பார்கள். நட்டம் தன்னுடையதில்லை என்று ஆனதும் கவனம் தளர்வது. எக்ஸஸ் என்ற ஏற்பாடே அதற்கு வைத்த கடிவாளம். முழுச் சுமையையும் எடுத்துவிட்டால் மனிதன் அலட்சியமாகிவிடுவான், கொஞ்சம் வலிக்கட்டும் என்பது அதன் தத்துவம். விசித்திரம் என்னவென்றால், நாளுக்கு 25 ரிங்கிட் கொடுத்தால் அந்தக் கொஞ்ச வலியையும் அதே கவுண்டரில் எடுத்துவிடுகிறார்கள்.

அப்படியென்றால் பொறுப்பை முழுக்கக் காசாக்கிவிட முடியுமா? முடியாது என்று அவர்களுக்கே தெரியும். படிவத்தைத் திருப்பிப் பாருங்கள், எப்போதெல்லாம் இந்த வாக்குச் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் என்பவை வெறும் வியாபாரம், விடுங்கள். மற்றவற்றைப் பாருங்கள். குடித்துவிட்டு ஓட்டினால் செல்லாது. பெயர் கொடுக்காத ஒருவரிடம் சாவியைக் கொடுத்தால் செல்லாது. விபத்தை மறைத்து, போலீஸில் புகார் செய்யாமல் விட்டால் செல்லாது. சட்டம் அதற்கு 24 மணி நேரம்தான் தருகிறது. நிதானம், வாக்குச் சுத்தம், நடந்ததை நடந்தபடி சொல்வது, இந்த மூன்றுக்கும் எந்தக் கவுண்டரிலும் வெய்வர் கிடையாது. படித்துவிட்டு இதை யாராவது நன்னெறிப் பாடப் புத்தகத்தில் சேர்க்கலாமே என்று நினைத்தேன்.

அந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் ஒன்று கேட்டேன். வண்டிக்குள் இருக்கும் மற்ற மூவருக்கும் அடிபட்டால்? நம் நாட்டுச் சாதாரணக் கார் காப்புறுதியில், ஓட்டுநரின் தவறால் காயப்படும் பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு தானாக வந்துவிடாது. தனிக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். சிங்கப்பூருக்கு ஓட்டிப்போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பம்பர் கீறலுக்கு அரைமணி நேரம் விவாதித்துவிட்டோம், கணக்கெல்லாம் போட்டுவிட்டோம். ஆட்களைப் பற்றி நாங்களும் பேசவில்லை, படிவமும் பேசவில்லை. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இது வரைக்கும் யாரும் கேட்டதில்ல அபாங்" என்று மலாயில் சொல்லிவிட்டு முதலாளிக்கு ஃபோன் போட்டாள். பின்னால் ஒரு சீனக் குடும்பம் பெட்டிகளோடு காத்திருந்தது. நண்பர்கள் வெளியே வெயிலில் நின்று கண்ணாடி வழியாகக் கையைக் காட்டி அவசரப்படுத்தினார்கள். பத்து நிமிடம் கழித்துக் காப்புறுதிப் பத்திரத்தின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. கொஞ்சம் கலங்கலாக. பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வரி இருந்தது.

அது இருந்தால் என்ன, பணம்தானே தருவார்கள். பின்சீட்டில் இருந்த இருவரையும் பெல்ட் போடச் சொன்னேன். 2009இலிருந்து அது சட்டம்.

"லங்காவியில யாருடா பாக்கப் போறா" என்றான் சாவியை ஆட்டியவன்.

கிளிக் என்ற சத்தம் இரண்டு முறை கேட்கும்வரை கியரைத் தொடவில்லை.