வித்தையை மறைக்கலாமா?

கற்றவன் தன் வித்தையைப் பிறர்க்கு மறைக்கலாமா? வைத்தியத்தைப் பற்றி இவ்வாறு கேட்டால், மறைப்பது தகாது என்று எல்லோரும் ஒருமுகமாய் விடையிறுப்பர். அடிக்கும் வித்தையைப் பற்றிக் கேட்டாலோ விடை அத்துணை எளிதாய் வருவதில்லை. நம் கெடாத் தோட்டங்களில் வழங்கிவந்த சிலம்பத்தின் எதிர்காலம் இக்கேள்வியின் விடையைப் பற்றியே நிற்கிறது என்பது நமது துணிபு.

தமிழகத்தினின்றும் பால்மரக் காட்டுக்கு வந்த நம் முன்னோர், மூட்டை முடிச்சுகளோடு இவ்வித்தையையும் கொண்டுவந்தனர். பகலில் மரம் சீவிய கைகள் மாலையில் கோயில் திடலிலே கம்பெடுத்தன. வாத்தியாரும் அவர்களைப் போன்ற ஒரு தொழிலாளியே. சலாம் வரிசையும் காலடியும் வந்தவர்க்கெல்லாம் கற்பிப்பார்; நுட்பமான வீச்சுகளைச் சிலர்க்கே காட்டுவார்; கடைசிப் பாடத்தை ஒருவர்க்கும் காட்டாமலே கண்மூடியவரும் உண்டு. பெண்மக்கள் எட்டி நின்று பார்ப்பதோடு சரி. பின்னர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும், 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். வாத்தியார் இருந்த இடத்தில் சீடன் இல்லை. சீடன் தேடிய இடத்தில் வாத்தியார் இல்லை. மறைத்தது மறைந்தே போயிற்று.

நிற்க. வாத்தியார் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். "கம்பு ஓர் ஆயுதம், கோபக்காரன் கையில் அதனைக் கொடுத்துவிட்டு, அவன் செய்யும் பழியில் எனக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல இயலுமா?" என்பர் அவர். பூனை புலிக்கு எல்லாம் கற்பித்து, மரமேற மட்டும் கற்பிக்கவில்லை என்னும் கதையைச் சீனரும் சொல்வர், நம்மவரும் சொல்வர். பட்டணத்துச் சந்துகளில் குண்டர் கும்பலுக்கு ஆளாகும் நம் இளைஞரைப் பார்க்கும்போது, அவ்வச்சம் வீண் என்று தள்ளிவிட முடியவில்லை.

ஆயினும் மறைத்தல் அவ்வச்சத்திற்கு மருந்தாயிற்றா? மறைத்தவர்கள் உண்மையில் குணத்தையா சோதித்தார்கள்? இன்னார் மகன், இன்ன சாதி, இன்ன ஊர்க்காரன் என்பதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! பிறப்பைப் பார்த்துக் கொடுப்பதும் பால் நோக்கி மறுப்பதும் பொறுப்பாகா. அவை பொறுப்பின் வேடம் பூண்ட பேதம்.

மறைத்தலில் வேறொரு தீங்கும் உண்டு. மறைத்த வித்தை சோதனைக்கு வருவதில்லை. சோதனைக்கு வாராதது மெல்லமெல்லப் பொய்யாகிவிடும். 2017-இல் சீன நாட்டில், தைச்சி ஆசான் ஒருவர் நவீன முறையிற் பயின்ற மல்லர் ஒருவரோடு பொருது, அரை நிமிடத்திற்குள் தோற்றார். அதுகண்டு சீன மக்களிற் பலர் கொதித்தனர். தோல்வி தைச்சிக்கு அன்று. பரம்பரைப் பெருமையையே வல்லமை என்று நம்பிய மனப்பான்மைக்கே. சிலம்பம் ஐயாயிரம் ஆண்டு பழையது என்று மேடையில் முழங்கும் நம்மவர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். பழமை ஒரு வீச்சைத் தடுக்காது.

அதே சீனர் நல்வழியும் காட்டியிருக்கின்றனர். 1910-இல் ஷாங்காயில் தோன்றிய சின் ஊ சங்கம், பல பள்ளிகளின் முறைகளை ஒரே கூரையின்கீழ் வெளிப்படையாய்க் கற்பித்தது; 1921-இல் கோலாலம்பூரிலும் அதன் கிளை எழுந்தது. ஜப்பானியரான கானோ ஜிகோரோ 1882-இல் பழைய மற்போரினின்றும் ஜூடோவை வகுத்தபோது, ஆளைக் கெடுக்கும் பிடிகளைப் பயிற்சிப் போட்டியினின்று விலக்கினார். அதனாலேயே முழு வலிவோடு மோதிப் பழக முடிந்தது. 1964-இல் அது ஒலிம்பிக் பந்தயத்திலும் இடம்பெற்றது. எதை விலக்குவது என்பதைக்கூட வெளிப்படையாய்த் தீர்மானித்தார். அஃதே அவர் பெருமை.

சிலம்பமும் இன்று அவ்வழியில் அடியெடுத்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சிப் போட்டியாய் இடம்பெற்றது. நம் நாட்டிலும் சங்கங்கள் போட்டி நடத்துகின்றன. பெண்பிள்ளைகள் கம்பேந்திக் களம் புகுகின்றனர். உடலில் தொட்ட தொடுகைக்குப் புள்ளி வழங்கப்படுகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் புள்ளிக் கணக்கு கைத்திறனை அளக்கும், மனத்தை அளக்குமா? பழைய வாத்தியார் அரைகுறையாயேனும் கேட்ட கேள்வியை, பதக்கம் வழங்குவோர் கேட்பதே இல்லை.

இங்கே நம் மண்ணின் வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. அது சிலம்பப் பள்ளி அன்று. எனினும் தொழிலாளர் பிள்ளைகள் அணிவகுத்துப் பயின்று, தம் வலிவை முதலில் எதன்மேல் திருப்பினர்? தம் இனத்தைத் தின்ற கள்ளின்மேல். கள்ளுக்கடை மறியல் செய்தனர். 1947-இல் போலீசாரோடு மோதல் நேர்ந்து உயிரும் போயிற்று. குடித்தவரைத் தண்டிக்கவும் அவர்கள் தலைப்பட்டனர் என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. தன் குற்றத்தை அடக்கும் வலிவு அறமாகும். பிறன் முதுகில் இறங்கும்போது அதே வலிவு அதிகாரமாகி விடுகிறது. இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள மெல்லிய கோட்டைக் காட்டுவதே வாத்தியாரின் மெய்யான கடைசிப் பாடம்.

ஆகையால், முதிய வாத்தியார்களே! வரிசைகளை எழுதிவையுங்கள், படம் பிடிக்க விடுங்கள், சாதியும் பாலும் பாராது கற்பியுங்கள். பெற்றோர்களே! தமிழ்ப்பள்ளித் திடலை மாலையில் திறக்கச் செய்யுங்கள். வருகிற பிள்ளையை வாயிலில் நிறுத்திச் சோதிக்க வேண்டா. உள்ளே அழைத்து, ஓங்கிய கம்பை எதிரியின் தோளுக்கு ஒரு விரற்கடை முன்னே நிறுத்தப் பழக்குங்கள். ஓங்கத் தெரிந்தவர் நம்மிடையே ஏராளம். நிறுத்தத் தெரிந்தவரே வேண்டும்.